மூடுவது, தண்டம் விதிப்பது, தூய்மைப்படுத்துவது: காற்று மாசு விதிகளை அரசு அமல்படுத்தும் முறை

தொழிற்சாலைப் புகையைப் பற்றி ஆட்சியரிடமோ மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடமோ கொடுக்கப்படும் மனுக்களில் பெரும்பாலானவை "தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்றுதான் முடிகின்றன. எந்த நடவடிக்கை என்று மனுவில் இல்லாததால், ஒரு விளக்கக் கடிதத்தோடு கோப்பை முடித்துவிடுவது அலுவலகத்துக்கு எளிதாகிவிடுகிறது. புகையை நிறுத்தச் செய்வது ஒரு வேலை. விதியை மீறியதற்குப் பணம் வசூலிப்பது இன்னொரு வேலை. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ஏற்கெனவே இறங்கிவிட்ட நஞ்சை அகற்றச் செய்வது மூன்றாவது வேலை. இந்த மூன்றுக்கும் சட்டப்பிரிவு வேறு, அதிகாரி வேறு, கால வரம்பும் வேறு. எந்த வேலைக்கு எந்தக் கதவு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடிப்படைச் சட்டம் 1981-ஆம் ஆண்டின் காற்று (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம். போபால் விபத்துக்குப் பின் 1986-இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் வந்தது. 1987-இல் காற்றுச் சட்டமும் திருத்தப்பட்டு, ஆலையை மூட உத்தரவிடும் அதிகாரம் வாரியங்களுக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் இவற்றை அமல்படுத்துவது 1982-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம். கிண்டியில் தலைமை அலுவலகம் இருந்தாலும், பொதுமக்கள் முதலில் அணுக வேண்டியவர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். வாகனப் புகைக்குப் போக்குவரத்துத் துறையும், தெருவில் குப்பை எரிப்பதற்கு உள்ளாட்சி அமைப்பும் பொறுப்பு என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, வாரியத்தின் இசைவாணை (எழுத்து மூல அனுமதி) இல்லாமல் ஒரு தொழிற்சாலையை நிறுவவோ இயக்கவோ கூடாது. நிறுவுவதற்கு ஓர் இசைவாணை, இயக்குவதற்கு மற்றோர் இசைவாணை என இரண்டு உண்டு. ஒரு தொழில் எவ்வளவு மாசு உண்டாக்கக்கூடியது என்பதைக் காட்டும் மாசுக் குறியீட்டு எண்ணின் அடிப்படையில் தொழில்கள் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என வகை பிரிக்கப்பட்டுள்ளன. மிகக் குறைந்த மாசு உண்டாக்கும் வெள்ளை வகைக்கு 2024 நவம்பர் முதல் இசைவாணை தேவையில்லை. மற்ற ஆலைகளைப் பொறுத்தவரை, பொதுமக்கள் கையில் கிடைக்கக்கூடிய மிக வலுவான ஆவணம் இந்த இசைவாணைதான் என்பது என் கருத்து. எத்தனை புகைபோக்கிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், எந்தக் கொதிகலனுக்கு எந்த எரிபொருள், எந்தப் புகை வடிகட்டும் கருவி, ஒரு நாளைக்கு எவ்வளவு உற்பத்தி என எல்லாமே அதில் நிபந்தனைகளாக எழுதப்பட்டிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து இசைவாணையின் நகலையும் கடைசி ஆய்வு அறிக்கையையும் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். "புகை அதிகம்" என்று எழுதும் மனுவுக்கு மழுப்பலாகப் பதில் சொல்லிவிட முடியும். "இசைவாணையில் விறகு என்று இருக்க, இரவில் டயர் எரிக்கப்படுகிறது" என்று எழுதினால், அதிகாரி நேரில் போய்ப் பார்க்காமல் பதில் எழுதுவது கடினம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. கைப்பேசியில் தெரியும் காற்றுத் தரக் குறியீடு, 2015 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பது, ஒரு பகுதியின் காற்று எப்படி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தரத்தின்படி, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமையும், ஆண்டுச் சராசரியில் 40 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. இந்த அளவு தாண்டியது என்பதற்காக எந்த ஆலையையும் தண்டிக்க முடியாது, ஏனென்றால் அந்தத் துகள் யாருடையது என்று குறியீடு சொல்வதில்லை. ஆலைக்கு உரிய அளவுகோல் அதன் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் புகையின் தரம். தனித் தரம் வகுக்கப்படாத ஆலைகளுக்குப் பொதுவான வரம்பு, ஒரு கன மீட்டர் புகையில் 150 மில்லிகிராம் துகள். எனவே குறியீட்டுப் படத்தை மனுவோடு இணைப்பதில் தவறில்லை. அதையே ஆதாரமாக நம்பி இருந்துவிடக் கூடாது.

புகைபோக்கியை அளப்பது எளிய வேலை அல்ல. புகைபோக்கியில் உரிய உயரத்தில் ஒரு துளையும், அங்கே நின்று வேலை செய்ய மேடையும், ஏறிச் செல்ல ஏணியும் இருக்க வேண்டும்; இவை இருக்க வேண்டும் என்பதே ஓர் இசைவு நிபந்தனை. துளை வழியாகக் குழாயைச் செலுத்தி, புகை ஓடும் அதே வேகத்தில் அதை உறிஞ்சி, முன்கூட்டியே எடை போட்ட விரலுறை வடிவ வடிகட்டியில் துகளைப் பிடித்து, மீண்டும் எடை பார்ப்பார்கள். காற்றுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு இதற்கு வைத்திருக்கும் நடைமுறை அதைவிடக் கறாரானது. மாதிரி எடுக்கும் அதிகாரி அந்த இடத்திலேயே ஆலைப் பொறுப்பாளரிடம் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் அல்லது அவருடைய முகவர் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும். கலத்துக்கு முத்திரையிட்டு இருவரும் கையொப்பமிட்டு, தாமதமின்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஆய்வக முடிவை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. அறிவிப்பில் கையொப்பம் இல்லை, கலத்தில் முத்திரை இல்லை என்பது போன்ற சிறு பிழையே வலுவான வழக்கையும் சாய்த்துவிடும். ஊர்க்காரர்கள் தாங்களே பிடித்து வைக்கும் கரித்தூளுக்கும் இதனால்தான் மதிப்புக் குறைவு. அதைக் காட்டி ஆய்வுக்கு அழைக்கலாமே தவிர, வழக்கை நிலைநிறுத்த முடியாது.

பகலில் வடிகட்டும் கருவியை ஓட்டிவிட்டு, மின்கட்டணத்தை மிச்சப்படுத்த இரவில் அணைத்து வைக்கும் ஆலைகள் உண்டு என்பதால், மிகுந்த மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலேயே தொடர் இணையக் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் உத்தரவிட்டது. உங்கள் ஊர் ஆலை அந்த வகையைச் சேர்ந்ததாக இருந்தால், புகை வந்த தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்து, அந்த நேரத்துக்கான கருவிப் பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நான்கைந்து இரவுகளின் நேரக் குறிப்பு, நூறு கையொப்பங்களைவிட அதிகம் பேசும்.

புகையை நிறுத்தச் செய்யும் அதிகாரம் காற்றுச் சட்டத்தின் 31-அ பிரிவில் இருக்கிறது. ஆலையை மூடவும், உற்பத்தியைக் கட்டுப்படுத்தவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் வாரியம் உத்தரவிடலாம். சீல் வைப்பதைவிட மின் இணைப்பைத் துண்டிப்பதே நடைமுறையில் ஆலையை அதிகம் பாதிக்கும் நடவடிக்கை. வழக்கமாக முதலில் விளக்கம் கேட்டு அறிவிப்பு வரும். பெரும்பாலான கோப்புகள் அந்தக் கட்டத்திலேயே தூங்குகின்றன. ஆகவே மனு கொடுத்தவர் சில வாரங்கள் கழித்துக் கேட்க வேண்டியது "என்ன ஆயிற்று?" என்பதை அல்ல, 31-அ பிரிவின்கீழ் விளக்க அறிவிப்பு அனுப்பப்பட்டதா, அதன் தேதி என்ன, ஆலை தந்த பதில் என்ன, அதன்பின் மறு ஆய்வு நடந்ததா என்பவற்றை.

தண்டம் விதிக்கும் முறை அண்மையில் அடியோடு மாறிவிட்டது. முன்பு, வெளியேற்றத் தரத்தையோ வாரியத்தின் உத்தரவையோ மீறினால் ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொன்னது. அதற்குக் குற்றவியல் வழக்கு நடத்த வேண்டியிருந்தது. 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டத் திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் இந்த மீறல்களுக்கான சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான தண்டத்தையும், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் கூடுதலாக 10,000 ரூபாயையும் வைத்தது. இதை விதிப்பவர் நீதிபதி அல்லர். மாநில அரசின் செயலாளர் அல்லது மத்திய அரசின் இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத, மீறலை விசாரித்து முடிவு செய்யும் தீர்வு அதிகாரி. 90 நாட்களுக்குள் தண்டத்தைக் கட்டாவிட்டால்தான் மூன்று ஆண்டு வரை சிறை என்ற பேச்சு வருகிறது. வழக்குகள் இழுபடாமல் முடியும் என்பது இதை ஆதரிப்பவர்கள் கூறும் நியாயம். பெரிய ஆலைக்கு 15 லட்சம் என்பது ஒரு செலவுக் கணக்கில் அடங்கிவிடும் தொகை என்ற ஐயத்தையும் ஒதுக்கிவிட முடியாது.

இந்தத் தண்டத்திலிருந்து வேறானது சுற்றுச்சூழல் இழப்பீடு. மத்திய வாரியத்தின் கணக்கு முறை இதற்குப் பின்பற்றப்படுகிறது: மாசுக் குறியீட்டு எண், மீறல் நாட்களின் எண்ணிக்கை, ரூபாய்க் காரணி (கணக்கைப் பணமாக மாற்றும் எண்), ஆலையின் அளவு, இருப்பிடம் ஆகிய ஐந்தையும் பெருக்க வேண்டும். பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் சிவப்பு வகைப் பெரிய ஆலை ஒன்று பத்து நாட்கள் விதியை மீறியது என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 80, நாள் 10, ரூபாய்க் காரணி 250, பெரிய ஆலைக்கு 1.5, இருப்பிடத்துக்கு 1 எனப் பெருக்கினால் 3 லட்சம் ரூபாய் வரும். கணக்கு எவ்வளவு குறைந்தாலும் நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. மீறல் கண்டறியப்பட்ட நாளிலிருந்து, சரிசெய்யப்பட்டதை வாரியம் உறுதிசெய்யும் நாள் வரை எண்ணப்படும் என்பதால், மீறலைக் கண்டறியும் முதல் ஆய்வுக்கு அதிகாரி வரும் தேதி தள்ளிப்போகும்போது ஆலைக்கு லாபம். இப்படி இழப்பீடு விதிக்க வாரியங்களுக்கு அதிகாரம் உண்டா என்ற நீண்ட வழக்கில், உண்டு என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; ஆனால் அதற்குரிய விதிகளை வகுத்த பின்னரே அதைப் பயன்படுத்த வேண்டும் என்றும் கூறியது.

தூய்மைப்படுத்தும் பொறுப்புக்கு வருவோம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியதில் பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்தால் போதாது, கெட்டுப்போன இயற்கையை மீட்கும் செலவும் மாசுபடுத்தியவருடையதே என்று அத்தீர்ப்பு சொன்னது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவில் ஒரு பகுதி 2003-இல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆனால் ஆலை வளாகத்து மண்ணில் எஞ்சும் பாதரசம் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாமா, இன்னும் குறைய வேண்டுமா என்ற சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது. ஆலையை மூடும் உத்தரவு ஒரே நாளில் வந்துவிடும். மண்ணைக் கழுவும் வேலைக்கு அளவுகோலை முடிவு செய்வதற்கே ஆண்டுகள் ஆகின்றன.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்டது. உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ மாசடைந்திருக்கலாம் என ஐயப்படும் இடங்களை மாநில வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாரியம் 90 நாட்களுக்குள் முதல்நிலை மதிப்பீட்டையும், அதன்பின் மூன்று மாதங்களுக்குள் விரிவான ஆய்வையும் முடிக்க வேண்டும். மாசு உறுதியானால் அந்த இடத்தின் விவரம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டு, தூய்மைத் திட்டம் தயாரிக்கப்பட்டு, பொறுப்பாளர் யார் என்று கண்டறியப்படுவார். அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலோ அவரால் செலவை ஏற்க முடியாவிட்டாலோ மத்திய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் பழைய ஆலை வளாகத்தைப் பற்றி மனு எழுதுவோர், வாரியத்தோடு மாவட்ட ஆட்சியருக்கும் எழுதி, ஐயத்துக்குரிய இடங்களின் பட்டியலில் சேர்க்குமாறு கேட்க வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலேயே இதைக் கொடுத்து எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். குப்பைக் கிடங்கு, சுரங்கம், கதிரியக்கக் கழிவு, கடலில் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றுக்குத் தனி விதிகள் இருப்பதால் அவை பொதுவாக இதில் அடங்கா.

வாரியம் அசையாவிட்டால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இழப்பீடு கேட்காத விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. இங்கேயும் முன்னர் சொன்ன பிரிவினை தொடர்கிறது. விதிமீறலை நிறுத்தக் கோரும் விண்ணப்பத்தைப் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். இழப்பீடும் இயற்கையை மீட்பதும் கோரும் விண்ணப்பத்துக்கு ஐந்து ஆண்டுகள் உண்டு. இரண்டிலும் தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் கிடைக்கும். வாரியத்தின் பதிலுக்காக ஓராண்டு காத்திருந்துவிட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிறவர், ஆறு மாதக் கெடு தீர்ந்துவிட்டது என்ற எதிர்வாதத்தை முதல் நாளிலேயே சந்திக்க நேரிடும் என்பதால், முதல் மனுவின் தேதியிலிருந்தே இந்தக் கெடுவை எண்ணத் தொடங்குவது பாதுகாப்பானது.