விசிறியிலி: ‘மௌனக் கணினி’ வேண்டாமே

எங்கள் புளோக்கில் மூன்று மாடி கீழே இருக்கும் அக்கா, பேரனுக்குக் கணினி வாங்கப்போவதாகச் சொல்லி ஒரு கடையின் துண்டுப்பிரசுரத்தை நீட்டினார். கொட்டை எழுத்தில் ‘மௌனக் கணினி’. “தம்பி, ஏஐ இருக்குன்னு போட்டிருக்கு, அப்ப அது பேசும்தானே? பின்ன எப்படி மௌனம்?” என்றார். நியாயமான கேள்வி. இந்தச் சொல்லை இந்த ஆண்டில் மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன். இனி நானும் மௌனம் காப்பதாக இல்லை.

பொருள் இதுதான். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய மேசைக் கணினி. சூட்டைத் தள்ள உள்ளே விசிறி கிடையாது. வரிவரியாகத் தகடுகள் கொண்ட அலுமினியக் கூடே சூட்டை வாங்கி அறைக் காற்றில் விட்டுவிடும். ஆங்கிலத்தில் ‘ஃபேன்லெஸ்’ என்பார்கள். விளம்பரக்காரர்கள் ‘சைலண்ட்’ என்பார்கள். மொழிபெயர்ப்பாளர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்.

மௌனம் முனியிலிருந்து வந்த வடசொல். வடசொல் என்பதற்காக நான் அதை விரட்டவில்லை, சத்தம் என்று நாள் முழுக்கச் சொல்லுகிறவன்தான். பொருள் இடிக்கிறது. பேசத் தெரிந்தவர் பேசாமல் இருப்பது மௌனம். வீட்டில் சண்டை என்றால் மௌனம், விரதம் என்றால் மௌனம். சலவை இயந்திரம் நின்றதும் அது மௌனமாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

சரி, ‘ஓசையற்ற கணினி’ என்று வைக்கலாமே என்று தமிழாசிரியர் நண்பர் ஒருவர் காப்பிக்கடையில் மல்லுக்கு நின்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024இல் வந்த ஆப்பிளின் மேக் மினி என்ற சின்ன மேசைக் கணினியைப் பாருங்கள். 12.7 சென்டிமீட்டர் சதுரம், பக்கத்தில் உட்கார்ந்தாலும் பெரும்பாலும் சத்தம் கேட்காது. ஆனால் உள்ளே விசிறி உண்டு. மறுபக்கம், விசிறியே இல்லாத சில பெட்டிகள் மின்சுருள் அதிர்வதால் மெல்லக் கீச்சிடும். ஆக ஓசையை வைத்துப் பெயரிட்டால் இரண்டு பக்கமும் இடறுகிறது. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது, தூசியை இழுத்து அடைத்துக்கொள்ளும் விசிறி இருக்கிறதா இல்லையா என்பதுதான்.

எனவே ‘விசிறியிலி’. விசிறு என்ற வினையிலிருந்து விசிறி. அது சிவிறி ஆவதை இலக்கணப்போலிக்குப் பள்ளியில் உதாரணமாகப் படித்திருப்போம். ‘இலி’ என்றதும் நண்பர் சிரித்தார். “நுண்ணறிவுள்ள கணினிக்கு அறிவிலி மாதிரி பெயரா?” இலி வசைக்கு மட்டும் உரியதல்ல. கணக்குப் பாடத்தில் முடிவிலி, உயிரியலில் முதுகெலும்பிலி, இணையத்தில் பெயரிலி. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நீளம் பரவாயில்லை என்றால் ‘விசிறியில்லாக் கணினி’ என்றே எழுதுங்கள், எனக்குச் சம்மதம். (இயந்திர மொழிபெயர்ப்பு ஒன்று எனக்கு ‘ரசிகர் இல்லாத கணினி’ என்று கொடுத்தது. பாவம், அந்தக் கணினி.)

அதே பிரசுரத்தில் இன்னொரு வரி: ‘செயற்கை நுண்ணறிவுச் செயலி உள்ளடங்கியது.’ அக்கா உடனே கைப்பேசியை எடுத்து, “எந்தச் செயலி? இதுலயும் இறக்கிக்கலாமா?” என்றார். சிங்கப்பூரில் செயலி என்றால் சிங்பாஸ் செயலி போல, கைப்பேசியில் தட்டித் திறப்பது. கணக்குப் போடும் வன்பொருளுக்கும் அதே சொல்லை வைத்தால் யார்தான் குழம்பமாட்டார்கள்? இங்கே சொல்லப்படுவது என்பியு. பெருக்கலையும் கூட்டலையும் ஒரே நேரத்தில் ஏராளமாகச் செய்யும் பகுதி, பெரும்பாலும் முதன்மைச் சில்லுக்குள்ளேயே இருக்கும். ‘கோபைலட் பிளஸ்’ என்ற ஏஐ கணினி வகைக்கு மைக்ரோசாஃப்ட் 2024இல் வைத்த குறைந்தபட்ச வரம்பு, என்பியு வினாடிக்கு 40 டிரில்லியன் கணக்குகள் போட வேண்டும் என்பது. என்பியுவைத் தமிழில் ‘நரம்பியல் செயலாக்க அலகு’ என்கிறார்கள். நரம்பியல் என்றால் எனக்கு மருத்துவமனை வரிசை எண்தான் நினைவுக்கு வருகிறது. ‘நுண்ணறிவுக் கணிப்பகம்’ என்று நான் எழுதிப் பார்க்கிறேன். அதிலும் முழுத் திருப்தி இல்லை.

அக்கா அதற்குள் அந்தக் கணினியை வாங்கியே விட்டார். போன வாரம் இரவு அவர் வீட்டில் தொலைக்காட்சியை நிறுத்தியதும் மேசைப் பக்கம் மெல்லிய உர்ர்ர். பெட்டியின் பின்புறத் துளைகளில் கை வைத்தேன். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது.