4294967297: ஃபெர்மா நம்பியதும் ஆய்லர் வகுத்ததும்

கணினி இல்லாத காலத்தில் பத்து இலக்க எண் ஒன்று பகா எண்ணா, பகு எண்ணா என்று எப்படித் தீர்மானித்தார்கள் என வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதை விளக்க 4294967297 என்ற எண்ணைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

இது 2³²+1. இரும முறையில் எழுதினால் இரு முனைகளிலும் 1, நடுவே 31 சுழியங்கள். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 ஆகியவை கிடைக்கும். இவை ஐந்துமே பகா எண்கள். ஆகவே இவ்வரிசையில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா கருதினார். ஆறாவதாக வரும் நம் எண், 641 × 6700417 என்று பிரிவதை சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் ஆய்லர் 1732-இல் காட்டினார்.

ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதென்றால், வர்க்கமூலமான 65536 வரை உள்ள 6542 பகா எண்களையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்லர் பின்னர் நிறுவிய ஒரு விதி அந்தச் சுமையை ஐந்தாகக் குறைத்துவிடுகிறது. p என்ற பகா எண் நம் எண்ணை மீதியின்றி வகுப்பதாகக் கொள்வோம். அப்போது 2³²-ஐ p-ஆல் வகுத்தால் மீதி −1, அதாவது p-இன் ஒரு மடங்குக்கு ஒன்று குறைவு. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. அதாவது 2-இன் அடுக்குகள் தரும் மீதிகள் சரியாக 64 அடிகளுக்கு ஒருமுறை சுழல்கின்றன. அந்தச் சுழற்சி நீளம் p−1-ஐ மீதியின்றி வகுத்தாக வேண்டும் என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றத்திலிருந்தே (p ஒற்றைப்படைப் பகா எண் என்றால் 2ᵖ⁻¹-ஐ p-ஆல் வகுக்க மீதி 1) கிடைப்பது. எனவே p என்பது 64-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. ஐந்தாவதிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

641 ஏன் வகுக்கிறது என்பதைப் பெருக்கிப் பார்க்காமலே அறியலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 641 = 5×2⁷+1; ஆகவே 641-ஆல் வகுத்தால் 5×2⁷-க்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸-க்கு மீதி 1. மறுபுறம் 641 = 5⁴+2⁴ என்பதால், 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴-ஐ வைக்கலாம். அப்படி வைத்தால் −2³²-க்கு மீதி 1 என்றாகிறது. 2³²+1-க்கு மீதி எதுவும் இல்லை. ஒரே எண்ணை இரு விதமாக எழுத முடிந்ததால் பத்து இலக்க வகுத்தல் மூன்று வரிகளில் முடிந்தது.

இலக்கங்களைக் கூட்டிப் பெயரையும் வாழ்வையும் கணிக்கும் எண் சோதிடத்தில் இந்த எண்ணுக்குக் கிடைப்பது 5. 9-ஆல் வகுத்தால் வரும் மீதிக்கு மேல் அதில் எதுவும் இல்லை. இரும முறையில் கூட்டினால் அதுவே 2 ஆகிவிடும். எழுதும் முறையோடு மாறும் ஒன்றை எண்ணின் குணம் என்று நம்பிப் பலர் பணத்தை இழப்பது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது. 641 வகுப்பதோ எந்த முறையில் எழுதினாலும் மாறாது.

2-ஐ அடியாகக் கொண்ட ஃபெர்மாவின் சோதனையில், அதாவது n என்ற எண்ணால் 2ⁿ⁻¹-ஐ வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதில், இந்த எண் தேறிவிடுகிறது. 2⁶⁴-க்கு மீதி 1 என்பதும், எண்ணில் ஒன்றைக் கழித்தால் வரும் 2³² என்பது 64-இன் மடங்கு என்பதும் அதற்குக் காரணம். பகு எண்ணாக இருந்தும் தேறுவதால் இதைப் போலிப் பகா எண் என்றும் வகைப்படுத்துகிறார்கள். அடியை 3 என்று மாற்றினால் குட்டு வெளிப்படும். 1877-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெபென் இவ்வரிசைக்கென வகுத்த சோதனையும் 3-ஐ அடியாகக் கொண்டு செய்யத் தக்கதே. இவ்வரிசையில் 2-இன் அடுக்கு 2²⁴ (அதாவது 16777216) ஆகும்போது வரும் எண் பகு எண் என்பது அச்சோதனையின் வழியே உறுதியாகிவிட்டது. ஆனால் அதன் காரணிகளில் ஒன்றுகூட இன்றுவரை கிடைக்கவில்லை.