குறிப்பெடுக்கும் கட்டைவிரல் வலிக்கிறதா?

கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர், வலது மணிக்கட்டைப் பிடித்தபடி என்னிடம் வந்தார். பாட்டில் மூடியைத் திருகினால் கட்டைவிரலுக்குக் கீழே சுளீரென்று வலிக்கிறது என்றார். விசாரித்தபோது, நாள் முழுவதும் நின்றபடியே போனில் குறிப்பெடுப்பது தெரிந்தது. இடது கையில் அளவு நாடா, வலது கையில் போன். “முன்பு பட்டன் போன் வைத்திருந்தபோது இந்தத் தொல்லை இல்லை. மறுபடியும் அதற்கே போய்விடட்டுமா, டாக்டர்?” என்று கேட்டார்.

கைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். போனை மாற்றும் முன் பிடியை மாற்றுங்கள் என்பதே என் பதில்.

அவரை என் முன்னாலேயே ‘மேல்தளம்’ என்று எழுதச் சொன்னேன். போனின் அடிப்பகுதி சுண்டுவிரலில் உட்கார்ந்திருந்தது. மற்ற விரல்கள் பின்புறத்தைத் தாங்கின. எழுத மிஞ்சியது கட்டைவிரல் ஒன்றுதான். அந்தச் சொல்லில் ஐந்து எழுத்துகள். ஆனால் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகத் தட்டப்படுவதால் எட்டு முறை தொட வேண்டும். ‘ல’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ள’ விழுந்தது. அழிக்கும் விசை திரையின் வலது ஓரத்தில், கட்டைவிரலின் அடிப்பகுதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தொட விரலை உள்பக்கமாக மடக்கினார், முகம் சுளித்தது. ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு என்றால், ஒரு நாளைக்கு எத்தனை சொற்கள்!

பட்டன்களின் நன்மையை நான் மறுக்கவில்லை. விசையின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது. அழுத்தியதும் பதிந்துவிட்டது என்று விரலுக்கே தெரிகிறது. பழகியவர் எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே எழுதிவிடுவார். வழுவழுப்பான கண்ணாடியில் அது முடியாது. கண்ணும் விரலோடு ஓட வேண்டும். பார்வையை வேலையிலிருந்து எடுக்க முடியாதவர்களுக்குப் பட்டன் போன் இன்றும் நல்ல கருவிதான். தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல்: அந்தச் சிறு விசைகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே பொறிக்கப்பட்டிருக்கும்.

ஆனால் அது வலிக்கு மருந்தல்ல. 2000-களில் பிளாக்பெர்ரி போன்ற பட்டன் போன்களில் ஓயாமல் மின்னஞ்சல் எழுதியவர்களுக்கு வந்த வலிக்கு ‘பிளாக்பெர்ரி கட்டைவிரல்’ என்றே பெயர் வழங்கியது. மணிக்கட்டின் ஓரத்தில், கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. ஓயாத அசைவால் அந்த உறை தடித்தால் நாண்கள் உராய்ந்து வலிக்கும். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வைன் 1895-இல் விவரித்த நோய் இது. போனுக்கு மிகவும் மூத்தது. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாரிடமும் இதைப் பார்க்கிறோம்.

பட்டனில் ஒவ்வோர் எழுத்துக்கும் அழுத்தம் தேவை. தொடுதிரையில் அழுத்தம் வேண்டாம். எட்டிப் பிடிக்க வேண்டும். 2007-இல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம். இன்று 6 அங்குலத்துக்கு மேற்பட்டவையே சாதாரணம். கட்டைவிரலின் நீளமோ அப்படியேதான் இருக்கிறது. மேற்பார்வையாளரின் பழைய போன் வலி தராததற்குக் காரணம் பட்டன் அல்ல. அது கைக்கு அடக்கமாக இருந்தது, அதில் அவர் இவ்வளவு எழுதவும் இல்லை.

அவரிடம் சொன்னது இதுதான். நாடாவைச் சட்டைப் பையில் போடுங்கள். இடது கையில் போனை ஏந்தி, வலது ஆள்காட்டி விரலால் தட்டுங்கள். ஒரு கைதான் கிடைக்கும் என்றால், விசைப்பலகையைக் கட்டைவிரல் பக்கம் ஒதுக்கிச் சுருக்கும் ஒற்றைக் கை அமைப்பு பல போன்களில் உண்டு, அதை இயக்குங்கள். முழு வாக்கியம் வேண்டாம், இரண்டு சொல் போதும். சத்தமில்லாத இடத்தில் குரலால் பதியுங்கள். சத்தமான இடத்தில் படம் எடுத்து வையுங்கள். மாலையில் விரிவாக எழுத, போனோடு இணையும் தனி விசைப்பலகையை மேசையில் வைத்துப் பத்து விரல்களாலும் தட்டுங்கள். இங்கேதான் உண்மையான விசைகளுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். கூடவே, கட்டைவிரலை அசையாமல் பிடிக்கும் பட்டை ஒன்றையும் சில வாரங்கள் அணியச் சொன்னேன்.

உங்களுக்கும் சந்தேகமா? கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். லேசான இழுப்பு யாருக்கும் இருக்கும். ஒரு கையில் மட்டும் கூர்மையாகக் குத்தினால், அதே இடம் வீங்கியும் இருந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள். குத்துகிறதா என்று பார்க்கத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள், உராய்வுதான் கூடும்.

வலியில்லாமல் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போனால் அது வேறு பிரச்சினை. மணிக்கட்டின் நடுவே செல்லும் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தைலம் தடவி மாதக்கணக்கில் காத்திருந்து, கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தபின் வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.