செரிமோனியல் கக்காவோ: ஒரு டப்பா, மூன்று சொற்கள்

எதிர்வீட்டு அக்கா போன மாதம் ஒரு டப்பாவோடு வந்தார். எங்கள் ராயபுரத்துத் தெருவில் பெயர் புரியாத பொருள் எது வந்தாலும் கடைசியில் என்னிடம்தான் வரும். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த பாவம். உள்ளே பனைவெல்லம் மாதிரி கருப்பாக ஒரு கட்டி. மேலே ஆங்கிலத்தில் ‘செரிமோனியல் கக்காவோ’, அதன் கீழே சின்னதாக ‘ஹீலிங்’. சாக்லேட் செய்யும் அதே கொக்கோதான், சடங்குக்கு உரியது, குணமாக்குவது என்று அர்த்தம். பெங்களூரில் இருக்கும் மகள் அனுப்பியது. மாமா இறந்து எட்டு மாதமாக அக்காவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

“குடிச்சா மனசு லேசாவும்னு சொல்றா தம்பி. ஆனா இது எந்த சாமிக்கு வெச்சதுனு தெரியலையே. நான் செவ்வாய்க்கிழமை தவறாம அந்தோணியார் கோயிலுக்குப் போறவ.”

அவர் போகும் கோயில் இருப்பது அரண்மனைக்காரன் தெருவில். அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. அர்மீனியர் வாழ்ந்த தெரு அது. ‘அர்மீனியன்’ நம் வாயில் விழுந்து ‘அரண்மனைக்காரன்’ ஆகிவிட்டது. கக்காவோவின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான்.

மத்திய அமெரிக்காவின் மாயர்கள் இதை ‘ககாவ்’ என்றார்கள். குவாத்தமாலாவில் ரியோ அசுல் என்ற இடத்துக் கல்லறையில் கிடைத்த, சுமார் 1,500 ஆண்டுப் பழமையான பானையின் மேல் இந்தச் சொல்லே எழுதியிருக்கிறது. உள்ளே ஒட்டியிருந்த கறையைச் சோதித்தால், அதுவும் கொக்கோதான். நாம் எவர்சில்வர் குடத்தில் ஆள் பெயரை மட்டும் வெட்டுவோம். மாயர்கள் பல பாத்திரங்களில் உள்ளே என்ன ஊற்றுவது என்பதையும் சேர்த்து எழுதினார்கள். மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகளின் நாவாட்டில் மொழியில் அது ‘கக்காவாட்டில்’. நிலக்கடலையை அவர்கள் ‘மண் கக்காவோ’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். நாமும் அதே பயிருக்கு, தெரிந்த கடலைக்கு முன்னால் ஒரு ‘நிலம்’ சேர்த்துத்தானே பெயர் வைத்தோம்.

ஸ்பானியர் வாயில் அது கக்காவோ. ஆங்கிலத்துக்குப் போனதும் தேங்காயைக் குறிக்கும் ‘கோக்கோ’வோடு (coco) குழம்பி இன்றைய ‘கோக்கோ’ (cocoa) ஆனது. நம்மிடம் வந்தது இந்தக் குழம்பிய வடிவம்தான்: கொக்கோ. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனி அம்பொய்னா தீவிலிருந்து கொண்டுவந்த எட்டுச் செடிகளைக் குற்றாலத்தில் நட்டதுதான் இந்தியாவில் கொக்கோவின் தொடக்கம் என்கிறார்கள். தேங்காயோடு குழம்பிய அந்தச் செடி இன்று பொள்ளாச்சியில் தென்னைக்கு நடுவே ஊடுபயிராக நிற்கிறது. பெயருக்கு ஏற்ற இடம்.

தமிழில் ‘கக்காவோ’ என்றே எழுதலாம் என்பாரும் உண்டு. குழந்தை வளர்த்தவர்கள் யாரும் ஒப்பமாட்டார்கள். ‘கக்கா’ நம் வீடுகளில் வேறு விஷயம். ‘கக்கு’ என்றால் வாந்தி. குடிக்கிற பொருளுக்கு இந்தப் பெயர் வேண்டாம். கொக்கோவே இருக்கட்டும்.

அடுத்தது ‘செரிமோனியல்’. சிக்கல் முழுக்க இங்கேதான். பொருளாகப் பார்த்தால் அது கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, கொழுப்பை எடுக்காமல், சர்க்கரை சேர்க்காமல் அரைத்த கட்டி. அவ்வளவுதான். செரிமோனியல் என்பதற்குச் சட்டப்படியான தரம் எதுவும் கிடையாது. மாயர் திருமணங்களிலும் வழிபாட்டிலும் கொக்கோவுக்கு இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் பலர் வட்டமாக உட்கார்ந்து கண்மூடிக் குடிக்கும் இன்றைய வழக்கம், குவாத்தமாலாவின் அட்டிட்லான் ஏரிக்கரையில் வெளிநாட்டுப் பயணிகளிடையே வளர்ந்து, ஏறக்குறைய கடந்த இருபது ஆண்டுகளில் உலகம் சுற்றியது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘சடங்குக் கொக்கோ’ என்றால் எங்கள் தெருவில், யார் வீட்டுப் பெண் பெரியவள் ஆனாள் என்று கேட்பார்கள். ‘கரணம்’ தொல்காப்பியத்திலேயே இருக்கும் சொல், மணச் சடங்கைக் குறிப்பது. இன்றைக்கு அதைக் கேட்டால் குட்டிக்கரணம்தான் நினைவுக்கு வரும். எனக்குப் பட்டது வேறு. ஆடிக் கூழ், நோன்புக் கஞ்சி, இவற்றில் முன்னால் நிற்கும் சொல்லைக் கேட்டதும் யாருடைய கூழ், எந்த நாள், எதற்காக என்று எல்லாம் தெரிந்துவிடும். தண்டையார்பேட்டை அம்மன் கோயில் கூழும் மண்ணடிப் பள்ளிவாசல் கஞ்சியும் ஊருக்கே ஊற்றப்படுகின்றன, ஆனாலும் அவை யாருடையவை என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ‘செரிமோனியல்’ அப்படி எதையும் சொல்லாது. யாருடைய சடங்கு என்று கேட்டால் டப்பா வாய் திறக்காது. அதனால்தான் நேரான தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அக்காவின் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் கிடைத்தது. சின்னப்பர், அதாவது பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 10ஆம் அதிகாரத்தில் இதைப் பேசுகிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடலாம். ஆனால் ‘இது படையல்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், சொன்னவரின் மனச்சாட்சியை நினைத்து விட்டுவிட வேண்டும். கட்டி எதுவும் சொல்லவில்லை. வட்டத்தில் உட்காரவைத்து, இன்ன தேவதையை உள்ளே அழை என்று யாராவது சொன்னால், அன்றைக்கு அக்கா எழுந்து வந்துவிடலாம். தன் சமையலறையில் கலக்கிக் குடிப்பது வேறு.

திருச்சபைக்கும் கொக்கோ புதிதில்லை. 17ஆம் நூற்றாண்டில் அதை வைத்துப் பெரிய விவாதமே நடந்தது. 1636இல் லியோன் பினெலோ என்பவர் மத்ரீதில் இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். சண்டை பேய்பிசாசைப் பற்றியது அல்ல. சாக்லேட் குடித்தால் ஒருசந்தி நோன்பு முறியுமா என்பதைப் பற்றியது. குடிப்பது முறிக்காது என்று பிரான்காச்சோ என்ற கர்தினால் எழுதினார். இதைக் கேட்டதும் அக்கா முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு.

மூன்றாவது சொல், ஹீலிங். ‘குணமாதல்’ என்று எழுதினால் மருந்து என்றாகிவிடும். ‘சுகமளித்தல்’ என்றால் ஜெபக் கூட்டச் சுவரொட்டி கண்முன் வரும். அந்த இடத்தில் அக்காவுக்கு ஆண்டவர் இருக்கிறார், கட்டி வேண்டாம். எனக்குப் பிடித்தது ‘ஆறுதல்’. புண் ஆறும், டீ ஆறும், மனமும் ஆறும், மூன்றுக்கும் ஒரே வினை. மாஸ்டர் கையை உயர்த்தி டீ ஆற்றும்போது நுரை பொங்குமே, மாயர்களும் அதே போலப் பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு உயரத்திலிருந்து ஊற்றித்தான் கொக்கோவில் நுரை எழுப்பினார்கள். பழைய மாயக் குவளை ஒன்றில் ஒரு பெண் நின்றபடி அப்படி ஊற்றும் ஓவியமே இருக்கிறது.

ஆறுதல் என்று சொல்லிவிட்டதால் மருந்தே இல்லை என்றும் இருந்துவிடக் கூடாது. கொக்கோவில் காஃபின் போலவே உடலைத் தூண்டும் தியோபுரோமின் இருக்கிறது, கொஞ்சம் காஃபினும் உண்டு. இந்த வட்டங்களில் ஒரு ஆளுக்குக் கொடுப்பது 30, 40 கிராம். அவ்வளவு குடித்தால் நெஞ்சு படபடக்கலாம், தூக்கமும் கெடலாம். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களும், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களும், அதிலும் எம்ஏஓஐ வகை என்றால் கட்டாயம், முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். அக்காவையும் அனுப்பினேன். கொஞ்சமாகக் குடிக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இப்போது டப்பாவின் லேபிள் இல்லை. அக்காவின் பேரன் மார்க்கரால் எழுதியிருக்கிறான்: ‘கசப்பு கொக்கோ. காலைல மட்டும்.’ அக்கா ஆறு மணிப் பூசை முடிந்து வந்து, இரண்டு டம்ளர்களுக்கு இடையே நன்றாக ஆற்றிக் குடிக்கிறார். போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டார், வெல்லம் போட்டால் தப்பா என்று. சுகர் இல்லையென்றால் போடுங்கள் என்றேன்.