நேர்ச்சாலை ஏன் சட்டென்று ஒதுங்குகிறது?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்த வாசகர் ஒருவரின் கேள்வி: கட்டம் போட்ட நோட்டுபோல் கிடக்கும் வயல்களுக்கு நடுவே, நூல் பிடித்தாற்போல் வடக்கே போகும் சாலைகள் சில இடங்களில் மட்டும் பக்கவாட்டில் ஒதுங்கி மறுபடி நேராவது ஏன்?

அங்குள்ள ஸ்டோரி கவுன்டியை (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எடுத்துக்கொள்வோம். ஏம்ஸ் நகரமும் அயோவா மாநிலப் பல்கலைக்கழகமும் இருக்கும் இடம், தலைமையிடம் நெவாடா என்ற ஊர். உச்ச நீதிமன்ற நீதிபதி ஜோசப் ஸ்டோரியின் பெயரில் 1846-இல் உருவானது. யாருமற்ற நிலத்தில் நில அளவையாளர்கள் கோடு போட்டார்கள் என்று சொன்னால் அது பொய். மத்திய அயோவாவின் பெரும்பகுதி, 1842 ஒப்பந்தத்தில் சாக், மெஸ்க்வாக்கி பூர்வகுடி மக்கள் இழந்த மண்.

கவுன்டிக்குள் 16 டவுன்ஷிப்புகள், ஒவ்வொன்றும் 6 மைல் சதுரம். அதற்குள் 36 செக்‌ஷன்கள். ஒன்று 640 ஏக்கர். எண் வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே ஓடும். ஏர் மாடு திரும்புவதுபோல் அடுத்த வரிசையில் கிழக்கே வரும்.

அளந்த கருவி 66 அடி செயின் (அளவுச் சங்கிலி), அதில் 100 லிங்க் (கண்ணி). பத்து சதுர செயின் ஒரு ஏக்கர். நம் பத்திரங்களில் வரும் 'சென்ட்' இதே செயினில் பிறந்ததுதான்: 1000 சதுர லிங்க். லிங்குக்குச் சுமார் ஆறு உரசும் இடங்கள். ஒவ்வொன்றும் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தாலே செயின் 6 அங்குலம் நீண்டுவிடும். மைலுக்கு 80 செயின்; ஆக 40 அடி பிழை!

ஆனால் செயினைப் புதிதாக மாற்றினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. பூசணிக்காயின் வரிகள் காம்பை நோக்கி நெருங்குவதுபோல், வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்குகின்றன. 42 பாகை அட்சரேகையில், 6 மைல் அகல டவுன்ஷிப்பின் வடக்கு விளிம்பு தெற்கு விளிம்பைவிடச் சுமார் 43 அடி குறுகும். உருண்டையின் மேல் சதுரம் ஒட்டாது. அதனால் செக்‌ஷன் கோடுகளைக் கிழக்கு எல்லைக்கு இணையாக இழுத்து, குறைவை மேற்கு ஓரத்து 6, 7, 18, 19, 30, 31-ஆம் செக்‌ஷன்கள் தலையில் கட்டினார்கள். அங்கே 640 ஏக்கர் முழுதாகக் கிடைக்காது. குறைவு மேலும் சேராமல் இருக்க, குறிப்பிட்ட தொலைவுகளில் கிழக்கு மேற்காகத் திருத்தக் கோடு வரைந்து, அதன்மேல் முழு 6 மைலையும் புதிதாக அளந்தார்கள். கீழிருந்து வந்த மூலையும் மேலே தொடங்கும் மூலையும் பொருந்தாது. செக்‌ஷன் கோட்டில் வரும் சாலை அங்கேதான் ஒதுங்குகிறது.

புல்வெளியில் அடையாளத்துக்கு மரமில்லாத மூலைகளில் மரக்கரி புதைத்து மண்மேடு எழுப்பினார்கள். மரக்கட்டை மட்கும், கரி மட்காது. இந்த மூலைகளைத் தேடிப் பாதுகாக்கும் பணிக்கு கவுன்டிகள் தாராளமாகச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. இன்று பல மூலைகள் சாலைச் சந்திப்புகளின் அடியில் இருக்கின்றன. சாலை போடும் இயந்திரம் ஒருமுறை கிளறிவிட்டால், சுற்றியுள்ள நான்கு செக்‌ஷன்களின் எல்லைக்கும் மூலச்சான்று போய்விடும்.