வளைவுக் கோட்டைப் பார்க்காதீங்க, நோட்டைப் பாருங்க

வேலூர் சத்துவாச்சாரியில் என்னிடம் கீபோர்டு கற்கப் புதிதாகச் சேரும் பிள்ளைகளில் மூன்றாம் கிரேடு இசைத் தேர்வு முடித்தவர்கள்கூட, வளைவுக் கோட்டைக் கண்டதும் "ஸ்லர், மிஸ்" என்கிறார்கள், அதாவது நோட்டுகளை (சுரங்களை) அறுந்துபோகாமல் சேர்த்து வாசிக்கச் சொல்லும் குறி என்று. கோடு எந்த நோட்டுகளைச் சேர்க்கிறது என்று பார்ப்பதே இல்லை. போன டிசம்பரில் ஒரு பிள்ளை சர்ச் கொயருக்கு வாசித்தாள். தாளக் கட்டங்களைப் பிரிக்கும் பார் கோட்டைத் தாண்டி நீள வேண்டிய நோட்டை அடுத்த பாரில் மறுபடி அடித்தாள். பாடுகிறவர்கள் அடுத்த வரி வந்துவிட்டதென்று மூச்சை இழுத்துவிட்டார்கள். இந்த வாரம் இன்னொருத்தன், அதே தப்பு.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற, ஒரே சுருதியுள்ள இரண்டு நோட்டைக் கோடு சேர்த்தால் அது டை. முதல் நோட்டை மட்டும் அடித்து, இரண்டின் பீட்டையும் கூட்டி விரலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். பாரின் கடைசியில் இரண்டு பீட் மினிம், அடுத்த பாரில் ஒரு பீட் குரோட்செட், நடுவே டை என்றால் மூன்று பீட், ஒரே அடி. பாட்டு கிளாஸ் போகும் பிள்ளைகளிடம் கார்வை, அதாவது சுரத்தை நீட்டிப் பிடிப்பது மாதிரி என்றால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

"ஆரம்பமும் முடிவும் ஒரே நோட், அப்போ டைதானே?" என்று கேட்காதீர்கள். ஸி, டி, மறுபடி ஸி என்று மூன்றின் மேலும் ஒரே கோடு போனால் அது ஸ்லர்தான், நடுவில் டி இருக்கிறதே! தாளில் இரண்டும் ஒரே இடத்தில் எழுதியிருந்தாலும் ஒன்று எஃப் ஷார்ப் (அரைப்படி மேலே), இன்னொன்று எஃப் நேச்சுரல் (சாதாரண எஃப்) என்றால் அதுவும் டை இல்லை. ஒரே நோட் திரும்பத் திரும்ப வந்து, வளைவோடு ஸ்டக்காட்டோ புள்ளியும் (நோட்டை வெட்டி வாசிக்கச் சொல்லும் புள்ளி) இருந்தால் ஒவ்வொன்றையும் அடிக்கத்தான் வேண்டும். கார்டில் (பல நோட்டுகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் அடிப்பது) எந்த நோட்டுக்கு டை போட்டிருக்கிறதோ அது மட்டும்தான் நிற்கும். அப்புறம், டை வழியாகப் பார் தாண்டிய ஷார்ப் அந்த நோட்டோடு சரி, பின்னால் வரும் நோட்டுக்கு ஒட்டாது.

ஸ்லர் விரல் வேலை. அடுத்த நோட் ஒலிக்கும்வரை முதல் கட்டையை விடக்கூடாது. இரண்டு நோட் ஸ்லர் என்றால் முதலாவதில் கொஞ்சம் பாரம், இரண்டாவது லேசாக, கையைத் தூக்கி முடிக்க வேண்டும். பெடலை மிதித்துவிட்டால் ஸ்லர் ஆகிவிடாது.

அப்பா அம்மாக்களே, தயவுசெய்து வீட்டுக் கீபோர்டில் சஸ்டெயினை (விரலை எடுத்தபின்னும் ஒலியை நீட்டும் வசதி) அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே அறுந்துபோகிறது என்று உங்களுக்கே கேட்கும்.