ஈரம் புகும் வெட்சூட் குளிரைத் தடுப்பது எப்படி?

25 டிகிரி செல்சியஸ் காற்றில் சட்டையில்லாமல் நின்றால் நமக்குக் குளிர்வதில்லை. அதே 25 டிகிரி நீரில் ஓரிரு மணி நேரம் அசையாமல் கிடந்தால் உடல் நடுங்கத் தொடங்கிவிடும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதோடு, சம கன அளவுள்ள நீரையும் காற்றையும் ஒரு டிகிரி சூடாக்க வேண்டுமானால், காற்றைவிட நீருக்கு ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பம் தேவைப்படுகிறது. அலைச்சறுக்கு வீரர் பலகைமேல் எழுந்து நிற்பது சில நொடிகளே. மீதி நேரமெல்லாம் கைகளால் நீரை வலித்து முன்னேறுவதிலும், இடுப்பளவு நீரில் பலகைமேல் உட்கார்ந்து அடுத்த அலைக்குக் காத்திருப்பதிலும் கழிகிறது. அப்போது குளிரைத் தாங்க அவர் அணியும், உடலோடு ஒட்டிய ரப்பர் உடைதான் வெட்சூட்.

உடைக்குள் புகும் நீர் உடற்சூட்டில் வெதுவெதுப்பாகி நம்மைக் காக்கிறது என்பதுதான் வெட்சூட் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இது பாதி உண்மைகூட இல்லை. உண்மையில் காப்பது நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் நுரைக்குள் ஒன்றோடொன்று இணையாமல் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்களே. வாயு நுரைக்குள் இருக்கும்வரை தோல் உலர்ந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை 1950களின் தொடக்கத்தில் உணர்ந்து, வெட்சூட்டுக்கு வழிவகுத்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர்.

குமிழ்கள் எவ்வளவு காக்கின்றன என்பதைச் சிறு கணக்கொன்றால் பார்க்கலாம். நியோப்ரீன் நுரையின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.05 வாட். தோல் 30 டிகிரியிலும் கடல் 15 டிகிரியிலும் இருக்க, 3 மில்லிமீட்டர் உடையின் வழியே சதுர மீட்டருக்கு 250 வாட் வெளியேறும். உடை மூடும் பரப்பு 1.6 சதுர மீட்டர் என்று கொண்டால் மொத்தம் 400 வாட். ஓய்வில் உடல் உண்டாக்கும் வெப்பமோ 100 வாட் அளவுதான். தோல் குளிர்ந்து இரத்த நாளங்கள் சுருங்குவதால் உண்மையான இழப்பு இதைவிடக் குறையும் என்றாலும், நீரை வலிக்கும்போது தெரியாத குளிர் உட்கார்ந்தவுடன் ஏன் தெரிகிறது என்பது இந்தக் கணக்கிலேயே புலப்படுகிறது. 3 மில்லிமீட்டரை 4 ஆக்கினால் இழப்பு கால்பங்கு குறையும். 4-ஐ 5 ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் தடிமன் கூடக் கூடத் தோள்கள் ஒவ்வொரு முறை நீரை வலிக்கும்போதும் ரப்பரை இழுத்துக் களைத்துப்போகும். உடலுக்கு 3, கைகால்களுக்கு 2 எனத் தைத்து, 3/2 என்று குறிப்பது இதனால்தான்.

உள்ளே புகுந்த நீர் மெல்லிய படலமாக அங்கேயே நின்றால் கெடுதல் இல்லை. ஒவ்வொரு அலையிலும் அது வெளியேறிப் புதுக் குளிர்நீர் நுழைந்தால், உடல் அதைத் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டியிருக்கும். ஆகவே, என் பார்வையில், தொளதொளவென்ற 4 மில்லிமீட்டர் உடையைவிட உடலோடு ஒட்டிய 3 மில்லிமீட்டர் உடையே மேல். அணிந்து பார்க்கும்போது முதுகின் கீழ்க்குழியில் கைவைத்துப் பாருங்கள். அங்கே துணி தோலைவிட்டு விலகி நின்றால் நீர் தேங்கப்போவது அங்கேதான். ஊசி இருபுறமும் துளைத்துச் செல்லும் தையல் துளைகள் வழியே நீரை விடும். விளிம்புகளைப் பசையால் ஒட்டி, ஊசி மறுபுறம் வராமல் தைத்த உடையில் கசிவு குறைவு.

கடலின் வெப்பநிலையை நாட்காட்டியை வைத்து ஊகிப்பது ஆபத்தானது. நீர் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறுவதால், வட அரைக்கோளத்தின் மிதவெப்பப் பகுதிகளில் வெயில் ஜூனில் உச்சம் தொட்டாலும் கடல் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் அதிகம் சூடாகிறது. மிகக் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில். வசந்தத்திலும் கோடையிலும் கலிஃபோர்னியக் கரையோரமாக வீசும் வடமேற்குக் காற்றும் புவிச்சுழற்சியும் சேர்ந்து மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து அகற்ற, அவ்விடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்நீர் மேலெழுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவை ஒட்டிய கடல் நடுக்கோடையிலும் 15 டிகிரிக்குக் கீழே இருப்பது வழக்கம். செயற்கைக்கோள் அகச்சிவப்புக் கதிர்களால் அளப்பது மில்லிமீட்டருக்கும் குறைந்த மேற்படலத்தை மட்டுமே என்பதால், அருகில் மிதவைக் கருவி இருந்தால் அதன் அளவை நம்புவதே நல்லது.

தோராயமாக, 24 டிகிரிக்கு மேல் வெட்சூட் தேவையில்லை. 20-ஐ ஒட்டி 2 மில்லிமீட்டர், 17 முதல் 19 வரை 3/2, 13 முதல் 16 வரை 4/3, அதற்கும் கீழே 5/4 உடையுடன் காலணி, கையுறை, தலையுறை. காற்று பலமாக இருந்தால் ஒரு படி தடித்ததை எடுக்கலாம்; நனைந்த வெளித்துணியிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. நெஞ்சிலும் முதுகிலும் துணி ஒட்டாத வழவழப்பான ரப்பரை வைப்பது நீர் தங்காமல் வழிந்தோடத்தான். பழைய உடையைத் தேர்ந்தெடுப்பவர் அதன் மேல் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்: வெயிலிலும் பயன்பாட்டிலும் குமிழ்கள் நசுங்கிப்போயிருந்தால், விரல்களுக்கிடையே அழுத்தும்போதே அது மெலிந்து விறைத்திருப்பது தெரிந்துவிடும்.